ஏழாம் நம்பர் பெட்டில் கோல்டன் ஆப்பிள்

ஆப்பிள் விற்றுப் பிழைத்த ஒருவர், ஆப்பிளைப் பார்த்துப் பயந்தே சாகக் கிடந்தார் என்றால் நம்புவீர்களா? நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். அவர் வயிற்றுக்குள் ஒரு வாய்க் கஞ்சியை இறக்க நாள் கணக்கில் மல்லுக்கட்டியவள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நடுநடுவே திட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி அது. பெரம்பலூர் அப்போது திருச்சி ஜில்லாவில் ஒரு சின்ன டவுன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு டாக்டரம்மா பன்னிரண்டு படுக்கை போட்டு நர்சிங் ஹோம் வைத்திருந்தார். அங்கே நான் நர்ஸ். சொந்த ஊர் அரியலூர். நர்சிங் ஹோம் வாசலுக்கு நேர் எதிரே தகரக் கூரை போட்ட ஒரு பழக்கடை. கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லி உடம்பு, எப்போதும் பழத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிற ஒரு துண்டு. ஊரே அவரை ஆப்பிள்காரர் என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் அப்போது நல்ல உடம்போடு இருக்கிற யாரும் ஆப்பிள் தின்றதில்லை. அது நோயாளிக்கு வாங்குகிற பழம். பார்க்க வருகிறவர்கள் இரண்டு ஆப்பிளும் ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் கொண்டுவருவார்கள். நோயாளியும் அதைத் தின்னமாட்டார். தலைமாட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வீட்டுக்குப் போகிற அன்று பக்கத்து பெட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு தடவை, நகம் பட்டுப் பிறை மாதிரி வடு விழுந்த ஆப்பிள் ஒன்றை மூன்றாம் பெட்டில் பார்த்தேன். நாலு நாள் கழித்து அது ஒன்பதாம் பெட்டில் இருந்தது. அடுத்த வாரம் எனக்கு இருமல் என்று கேள்விப்பட்டு அரியலூரிலிருந்து வந்த எங்கள் சித்தி, பைக்குள் கையை விட்டு அதே ஆப்பிளை எடுத்து என் மடியில் வைத்தாள். அதே பிறை. சித்திக்கு அது எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவே இல்லை. கேட்கப் பயமாக இருந்தது.

இந்த ஊருக்குத்தான் ஆப்பிள்காரர் ரகம் ரகமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கம் சொல்லாமல் அவரால் ஒரு பழத்தைக் கையை விட்டு விட முடியாது. காசை நீட்டினாலும் வாங்கமாட்டார். முதலில், "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்பார். அடுத்தது, "என்ன ஒடம்பு?" அதற்கப்புறம் ஆரம்பிக்கும் கச்சேரி.

"காய்ச்சலா? அப்ப டெலிஷியஸ் கொண்டு போங்க. தூக்கி அடியப் பாருங்க. அஞ்சு முட்டு பொடச்சுக்கிட்டு இருக்கா? அந்த அஞ்சும் இருந்தாத்தான் டெலிஷியஸ். இது மூணு நாள்ல வூட்டுக்குப் போற கேசுக்கு. வாயும் வயிறுமா இருக்கற பொண்ணுன்னா மகாராஜி. பச்சையும் செவப்புமா, கல்லு மாதிரி இருக்கும். புளிப்பு அப்படியே பல்லக் கூச வைக்கும். மாங்கா கெடைக்காத காலத்துல அதத்தான் குடுக்கணும், வாந்தி நிக்கும். இந்தப் பொடிசு கொடைக்கானல். மாத்திர வாங்கிட்டு அன்னிக்கே திரும்புற ஆளுக்கு இது போதும்."

அம்ப்ரி என்று ஒரு ரகம் உண்டாம். அதன் வாசனை ஒரு வீட்டுக்கே போதுமாம். பெட்டிக்கு ஒன்றோ இரண்டோ வந்து மாட்டும். அதை விற்கமாட்டார். "தாசில்தார் மாதிரி ஆளுங்களுக்கு ஒடம்புக்கு வந்தாக் கேப்பாங்க" என்று தனியாகப் பஞ்சில் வைத்திருப்பார். நான் அங்கே இருந்தவரை எந்தத் தாசில்தாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. அம்ப்ரி வருஷா வருஷம் சுருங்கிப்போனதுதான் மிச்சம்.

கோல்டனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலை இறக்கிவிடுவார்.

"மஞ்சளா, தோலு மெலிசா, மெத்துன்னு இருக்கும் நர்சம்மா. கடிக்கவே வேணாம், வாயில வச்சாப் போதும். டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்கன்னா இதத்தான் வாங்கணும்."

யார் வகுத்த சட்டம் இது? அவர் வகுத்ததுதான். பெயர்களைப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளிலிருந்தும், திருச்சி மண்டியில் பெட்டி இறக்குகிறவர்களிடமிருந்தும் கற்றுக்கொண்டாராம். ருசி? அதை நான் ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"என் நாக்குல ஆப்பிள் பட்டதே இல்ல நர்சம்மா. அதத் திங்கற நெலம எனக்கு வரவே கூடாதுன்னு சாமியக் கும்புட்டுக்கிட்டிருக்கேன். ருசியெல்லாம் திங்கறவங்க மூஞ்சியப் பாத்து தெரிஞ்சுக்கறதுதான்."

அதுவும் நிஜம். எங்கள் வார்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எவனாவது ஒரு துண்டு ஆப்பிளை வாயில் போடுகிறானா என்று காத்திருப்பார். போட்டால் அவன் கண், மூக்கு, தாடை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு போவார். பிரசவத்துக்கு வந்த பெண்கள் பயந்து என்னிடம் வந்து புகார் சொல்வார்கள்.

மீனையும் விடமாட்டார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு வருவதைப் பார்த்தால், "என்ன மீனு?" என்பார். சங்கரா என்று சொல்லித் தொலைத்தால் என் டியூட்டி போச்சு. சங்கராவின் கண் எப்படி இருக்கவேண்டும், வவ்வாலில் வெள்ளை எது, கறுப்பு எது, பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு ஏன், நெத்திலியைத் தலையோடு போடலாமா கூடாதா என்று எட்டு மணி டியூட்டிக்கு எட்டே காலாகிவிடும். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்ப்பார். நான் ஆப்பிள்காரரின் ஏழு தலைமுறையையும் மனசுக்குள் திட்டிக்கொண்டு உள்ளே போவேன்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். என் அக்கா வீட்டுக்காரர் ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற சுரங்கத்தில் வேலை பார்த்தார். அங்கே தோண்டினால் கல்லாகிப்போன சிப்பிகள் வரும். ஒரு காலத்தில் எங்கள் ஊரெல்லாம் கடல் என்பார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு கல்சிப்பியைக் கொண்டுவந்து, வாயைக் கொஞ்சம் மூடுவார் என்று ஆப்பிள்காரருக்குக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார்.

"நல்ல சரக்கு. கெட்டுப்போகாத கடல் சாமான் இது ஒண்ணுதான் நர்சம்மா. பாருங்க அநியாயத்த, கடலே இங்கதான் இருந்திருக்கு. இன்னிக்கு நாலு நெத்திலி வேணும்னா கடலூர் பஸ்ஸு வரணும்."

அன்றிலிருந்து பழம் மடிக்கிற காகிதம் பறக்காமல் இருக்க அந்தச் சிப்பியைத்தான் மேலே வைத்தார். வருகிறவர்களுக்கு அதற்கும் விளக்கம் உண்டு. என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

இவர் சட்டம் ஊருக்குள் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்பது அரும்பாவூர் வாத்தியார் விவகாரத்தில் தெரிந்தது. அந்த வாத்தியாருக்கு என்னவோ ஆசை, ஒரு நாள் கடைக்கு வந்து இரண்டு ஆப்பிள் கேட்டார்.

"யாருக்கு ஒடம்பு?"

"யாருக்கும் இல்லீங்க. சும்மா திங்கத்தான்."

"சும்மா திங்கறதுக்குக் கொய்யா இருக்கு, போங்க."

வாத்தியார் விடவில்லை. சண்டை முற்றி, கடைசியில் கையில் அகப்பட்ட இரண்டு கோல்டனைப் பையில் போட்டு, "என்ன ஆனாலும் நான் பொறுப்பில்ல" என்று சொல்லிக் கொடுத்தார். வாத்தியார் பஸ்ஸில் ஏறினார். பை வழியாக மஞ்சள் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெருமூச்சு விட்டார். கண்டக்டர் சில்லறை கொடுக்கும்போது, "மனசத் தளர விடாதீங்க சார்" என்றாராம். வாத்தியார் வழியில் ஒரு வேலையாக இறங்கி அடுத்த பஸ்ஸில் போவதற்குள், முந்தின பஸ் சேதியைக் கொண்டுபோய்விட்டது. அவர் வீடு போய்ச் சேர்ந்தபோது வாசலில் இருபது பேர். மாமியார் தலையை விரித்துப் போட்டு அழுதுகொண்டிருக்கிறாள். யார் சாகப்போகிறார்கள் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. வாத்தியார் பெண்டாட்டி, தனக்குத்தான் என்னவோ வியாதி, எல்லோரும் மறைக்கிறார்கள் என்று மயங்கி விழுந்தாள். மறுநாள் காலையில் அவளை எங்களிடமே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆப்பிள்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "நான்தான் சொன்னேனே" என்றார்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் பெண்டாட்டி ஒருத்தி இருந்தாள். விளக்கம் எதையும் காதில் வாங்காத ஒரே ஆள் அவள்தான். மத்தியானம் சோற்றைக் கொண்டுவந்து கடைக்குப் பின்னால் வைத்துவிட்டு, "பேசுனது போதும், சோறு ஆறுது" என்பாள். அவர், "தா வந்துட்டேன்" என்பார். வரமாட்டார். ரகம் முடிகிறவரை எழுந்திருக்க மாட்டார். அவள் ஆறின சோற்றை மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். நல்ல கல் மனசுக்காரி என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி கடைசியில் பிடித்த மழை விடவில்லை. விஷக்காய்ச்சல் வந்து ஆப்பிள்காரரையே தூக்கிக்கொண்டு வந்து ஏழாம் பெட்டில் போட்டார்கள். கடையைப் பெண்டாட்டி பார்த்துக்கொண்டாள். ஐந்து நாள் ஊசியில் காய்ச்சல் இறங்கிவிட்டது. நல்ல பேச்சும் வந்துவிட்டது. அப்போதுதான் முதல் ஆள் அவரைப் பார்க்க வந்தார், கையில் இரண்டு ஆப்பிளோடு. கோல்டன்.

ஆப்பிள்காரர் பழத்தைப் பார்த்தார். வந்தவர் முகத்தைப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது.

"எங்க வாங்குனீங்க?"

"உங்க கடையிலதான். உங்க வூட்டுக்காரம்மாதான் எடுத்துக் குடுத்தாங்க."

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் வந்த அத்தனை பேர் கையிலும் கோல்டன். ரஞ்சன்குடியிலிருந்து வந்த பங்காளிகள் நாலு பேரும் நாலு கோல்டன். இரண்டு நாளில் கட்டிலுக்கு அடியில் பதினாலு சேர்ந்துவிட்டது. கஞ்சி கொடுத்தால் வாயைத் திறக்கவில்லை. ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தால் துப்பினார். "எதுக்கு நர்சம்மா வீணா" என்றார்.

நான் குடையை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்கு ஓடினேன். "ஏன்க்கா, எல்லாருக்கும் கோல்டனாக் குடுத்துக்கிட்டிருக்கீங்க?"

"டெலிசியஸ் தீந்துபோச்சு நர்சம்மா. மழையில லாரி வரல. இருக்கறதத்தானே குடுக்க முடியும்?"

இதை அப்படியே வந்து அவரிடம் சொன்னேன். சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு!

"அவ அப்படித்தான் சொல்லுவா. நல்லாத் தெரிஞ்சவ, அழாம சொல்றா. டாக்டரம்மா கைய விரிச்சத அவகிட்ட மட்டும் சொல்லியிருக்காங்க." அதோடு விடாமல், "அந்தச் சிப்பிய நீங்களே எடுத்துக்கங்க. அதோட வெவரம் நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்" என்று உயில் வேறு எழுதினார்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். "காய்ச்சல் எல்லாம் போயாச்சு சிஸ்டர். இப்ப இவர் சாப்பிடாமத்தான் சாகப்போறார். குளுக்கோஸ் ஏத்தி எத்தனை நாள் வச்சிருக்க முடியும்? எதையாவது சாப்பிட வைங்க. எதுவா இருந்தாலும் சரி." அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கேவலம் ஒரு பழத்தின் நிறத்துக்காக ஒரு மனுஷன் உயிரை விடுவானா? ஒரு அறை விடலாமா என்றுகூடத் தோன்றியது.

போய் எதிர்க்கடை அம்மாளிடம் சொன்னேன். அவள் பெட்டிகளைக் கிளறினாள். அடியில் வைக்கோலுக்குள் நாலைந்து மகாராஜி கிடந்தது, பச்சையாக, கல் மாதிரி. அதை முந்தானையில் கட்டிக்கொண்டு கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மத்தியானம் தூக்கோடு வந்தாள். மூடியைத் திறந்தாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு! மாங்காய் போட்டு வைப்போமே, அதே குழம்பு. மற்ற பதினொரு பெட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தது. மூன்று நாளாக நினைவில்லாமல் கிடந்த இரண்டாம் பெட் கிழவர், "யாரு வூட்டுக் கொழம்பு?" என்றார். பத்தாம் பெட்டில் பத்தியம் இருந்தவள் எழுந்து நடந்தே வந்துவிட்டாள்.

ஏழாம் பெட்டில் முதுகு அசைந்தது. மூக்கு திரும்பியது. பிறகு ஆள் திரும்பினார். குழம்பில் மிதந்த பச்சைத்தோல் துண்டுகளை உற்றுப் பார்த்தார்.

"என்ன அது?"

"மாங்கா" என்றாள் அவள். பார்வையைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். வார்டே அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் எத்தனை பேர் தாடையைப் பார்த்தவர்!

"மாங்காதான்" என்றார் கடைசியில். "ஆனா சாதாரண மாங்கா இல்ல. இது கார்த்திகைக் காய்ப்பு. மத்த மரமெல்லாம் சித்திரையில காய்ச்சா, இது மட்டும் மழையில காய்க்கும். பச்சமல அடிவாரத்துல, அரும்பாவூர் பக்கம் நாலஞ்சு மரம்தான் இருக்கு. தோலு வழவழன்னு இருக்கும். கொட்ட பொடிசு, இருக்கறதே தெரியாது. எங்க புடிச்ச?"

"அரும்பாவூர் ஆளு ஒருத்தரு கொண்டாந்தாரு" என்றாள்.

"அதான பாத்தேன். சோத்தப் போடு."

மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வாயில் துணியை அடைத்துக்கொண்டேன். வாசனை பிடித்துக்கொண்டு டாக்டரம்மா வந்து நின்றார். அவர் சுத்த சைவம். தட்டைப் பார்த்தார், வழித்துத் தின்ற ஆளைப் பார்த்தார். "நான் எதையும் பாக்கல. சிஸ்டர், ஜன்னலைத் திறந்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதிலிருந்து நாலாம் நாள் ஆப்பிள்காரர் வீட்டுக்குப் போனார். சிப்பியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பதினாலு கோல்டனையும் வழக்கப்படி மற்ற பெட்டுகளுக்குக் கொடுக்கச் சொன்னார். ஆளுக்கு ஒன்று கொண்டுபோய் வைத்தேன். சாயங்காலத்துக்குள் ஐந்து பேர் டிஸ்சார்ஜ் எழுதிக் கேட்டார்கள்.

அப்புறம் இரண்டு வருஷம் அந்த விஷயத்தை நானும் அந்த அம்மாளும் வெளியே விடவில்லை. ஆப்பிள்காரர் வருகிறவர்களிடமெல்லாம், "நாக்குல ஆப்பிள் படாம வளர்ந்த ஒடம்பு, அதான் தேறுச்சு" என்று சொல்லும்போது, அவள் பின்னாலிருந்து என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பாள். அவளுக்குச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் போகவேண்டி வந்தது. கடைசி நாள் மத்தியானம் பெட்டியோடு கடைக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். கொய்யா நாலு எடுத்துத் துண்டில் துடைத்து என் பையில் போட்டார். "ஆப்பிள் தரமாட்டேன். நீங்க நல்லா இருக்கணும்" என்றார். பிறகு பின்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார், கோல்டனுக்கு இறக்குகிற மாதிரி.

"நர்சம்மா, ஒண்ணு சொல்றேன். மனசோட வச்சுக்கங்க. கார்த்திகைக் காய்ப்புன்னு ஒரு மாங்காயே ஒலகத்துல கெடையாது."

"அப்ப, தெரிஞ்சுதான் தின்னீங்களா?"

"வாயில வச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு. மகாராஜி. மூஞ்சியப் பாத்துப் பாத்துப் படிச்ச புளிப்பு ஆச்சே அது! துப்பிடலாம்னுதான் நெனச்சேன். நிமுந்து பாக்கறேன், அவ கரண்டியப் புடிச்சுக்கிட்டு நிக்கறா. கை வெடவெடன்னு ஆடுது. கட்டுன நாள்லேருந்து அவ கை ஆடி நான் பாத்ததில்ல. சரி, சாவறதுன்னா இதத் தின்னுட்டே சாவோம்னு முழுங்கிட்டேன். அதுக்காக ஒரு ரகத்தப் புதுசா உண்டாக்க வேண்டியதாப் போச்சு. இத்தன வருசத்துல பழத்து விசயத்துல நான் சொன்ன பொய்யி அது ஒண்ணுதான். அவகிட்ட சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு சந்தோசமா இருக்கா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வேண்டுமே என்று, "அது சரிண்ணே, ஆப்பிள் எப்படித்தான் இருந்துச்சு?" என்று கேட்டுத் தொலைத்தேன். கேட்ட பிறகுதான் பஸ் ஞாபகம் வந்தது. இனி அரை மணி நேரம் விடமாட்டார், பஸ் போச்சு என்று பெட்டியைக் கீழே வைத்தேன்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"கருவாடு மாதிரி இருந்துச்சு" என்றார்.

"பேசுனது போதும், சோறு ஆறுது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "தா வந்துட்டேன்" என்றவர், நிஜமாகவே எழுந்து போனார்.